ஆகாயத்தில் அரை நிமிஷம்

பூமியிலும் ஆகாயத்திலும் தனக்குச் சாவு வரக்கூடாது என்று வரம் வாங்கியவன் இரணியன். அவனைச் சம்ஹரித்த நரசிம்மரைச் சிங்கப்பெருமாள் கோயிலில் சேவித்துவிட்டு நான் குன்றை வலம் வந்தபோது, தலைக்கு மேலே ஒரு விமானம் போயிற்று. அதில் இருந்தவர்களுக்கு அந்த வரம் ஏது? பறக்கும் விமானத்துக்குள் காற்றை அடைத்து, உதகமண்டலத்தைவிடக் கொஞ்சம் உயரமான மலையில் இருப்பதுபோல் வைத்திருக்கிறார்கள். 35,000 அடியில் அந்தக் காற்று திடீரென்று போய்விட்டால், புத்தி நிதானத்தில் இருப்பது அரை நிமிஷம். மிஞ்சினால் ஒரு நிமிஷம்.

இந்த ஆபத்து வலிப்பதில்லை. அதுதான் பயங்கரம். 1875 ஏப்ரல் 15-ஆம் தேதி, 'ஜெனித்' என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸிலிருந்து கிளம்பினார்கள். பிராணவாயுப் பைகள் பக்கத்திலேயே தொங்கின. 26,000 அடிக்கு மேல், குழாயை எடுத்து வாயில் வைக்கக் கை எழவில்லை! இருவர் மாண்டார்கள். பிழைத்த திஸாந்தியே, அப்போது துன்பமே தெரியவில்லை, உள்ளூர ஆனந்தமாக இருந்தது என்று எழுதிவைத்தார்.

ஆகவே, அபாயமணி கேட்டதும் விமானி முதலில் தம் முகமூடியை மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு 10,000 அடிக்கு விறுவிறுவென்று இறங்க வேண்டும். காரண காரிய ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். 'தனக்கு மிஞ்சித்தான் தானம்' என்பதைச் சுயநலக்காரன் பேச்சென்று நினைத்திருந்தேன். விமானியின் ஆசனத்தில் அதுவே பரோபகாரம்.

2005 ஆகஸ்டு 14-ஆம் தேதி, சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் விமானத்தில் அபாயமணி ஒலித்தது. காற்றழுத்த விசை தவறான நிலையில் இருந்தது. விமானிகள் மணியை வேறு எச்சரிக்கை என்று எண்ணி, தரையிலிருந்தவர்களோடு பேசிக்கொண்டே நினைவிழந்தார்கள். எண்ணெய் தீரும்வரை விமானம் தானாகவே பறந்தது. 121 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

நம் நாட்டில், 2018 செப்டம்பர் 20-ஆம் தேதி, பம்பாயிலிருந்து ஜயப்பூருக்குப் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானத்திலும் இதே கதை ஆரம்பமாயிற்று. எஞ்சின் காற்றை உள்ளே அனுப்பும் விசையைப் போட மறந்துவிட்டார்கள். முகமூடிகள் மேலிருந்து விழுந்தன. சுமார் முப்பது பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. விமானிகளை வேலையிலிருந்து விலக்கி விசாரணை வைத்தார்கள். நியாயந்தான், மறதிக்கு மன்னிப்பில்லாத தொழில் அது. ஆனாலும் அவர்கள் மேலே ஏறிக்கொண்டே போகவில்லை. விமானத்தைத் திருப்பினார்கள். 166 பிரயாணிகளும் பம்பாயில் உயிரோடு இறங்கினார்கள்.