பெயர் பெற்ற நாளும் பேர் போன நாளும்

இங்கிலாந்தின் கைவினைத் தொழிலாளர் வேலைக்குப் போகாமல் நண்பர்களோடு கழித்த திங்கட்கிழமைக்குப் 'புனிதத் திங்கள்' என்று பெயர் சூட்டினார்கள். இலங்கையின் பெல்மதுளைத் தோட்டங்களில் கூட்டாளிகளோடு கழியும் அத்தகைய நாளுக்குத் தனிப் பெயர் இல்லை. "இன்னைக்குப் பேரு இல்ல" என்ற பேச்சு மட்டும் உண்டு. ஒரு நாள் கூலியைப் 'பேர்' என்றும் பாதிக் கூலியை 'அரைப் பேர்' என்றும் சொல்லும் வழக்கு மலையகத்துக்குரியது. அங்கே நாள் பெயர் பெற்றது. இங்கே ஆள் பேரை இழக்கிறார்.

இரண்டும் தொடங்கும் விதம் ஒன்றுதான். பர்மிங்காம் பட்டறைக்காரர் கையில் சனிக்கிழமை கூலி விழுந்தது. திங்கள் காலையில் ஒருவர் மற்றவரை அழைத்தார். தோட்டத்தில் மாதச் சம்பளம் வந்த மறுநாள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போகும் வழியில் ஒருவன் நின்று, "மச்சான், இன்னைக்கு வேணாம், டவுனுக்குப் போவோம்" என்கிறான். அங்கே மதுக்கடையும் சேவற்சண்டையும்; இங்கே ஆற்றுக் குளியலும் பெல்மதுளைக் கடைத்தெருவும். இரண்டிலும் நாலு பேர் சேர்ந்தால்தான் அது விடுப்பு; தனியாள் நின்றுவிட்டால் 'உடம்புக்கு என்ன?' என்று கேட்பார்கள். 1720களில் லண்டன் அச்சகமொன்றில் வேலை பார்த்த பெஞ்சமின் பிராங்க்ளின், ஒரு திங்களையும் விடாததால் முதலாளியின் நல்லெண்ணத்தைப் பெற்றதாகத் தன்வரலாற்றில் சொல்கிறார்.

வேறுபாடு, வேலையின் நேரம் யார் கையில் என்பதில் இருக்கிறது. செருப்புத் தைப்பவர் திங்களில் விட்டதை வியாழன், வெள்ளி இரவுகளில் விளக்கேற்றி ஈடுகட்டினார். தோல் அவருக்காகக் காத்திருந்தது. தேயிலைக் கொழுந்து காத்திருக்காது, எடுக்க வேண்டிய நாள் தவறினால் முற்றிவிடும். இறப்பர் பாலும் வெயில் ஏறுமுன் வெட்டப்பட வேண்டும். ஆகவே அங்கே இழந்த நாள் மீண்டது. இங்கே இழந்த பேர் மீள்வதில்லை. ஆனாலும் கொந்தரப்பில் இறங்கும் தோட்டத் தொழிலாளி, இத்தனை வேலைக்கு இத்தனை காசு என்று பேசி முடித்தபின், தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்கிறார். அந்தப் பொழுதில் அவர் பழைய செருப்புத் தொழிலாளியின் பங்காளி.

எதிர்பாராத உறவு சட்டத்தில் வெளிப்படுகிறது. இங்கிலாந்தின் 1823ஆம் ஆண்டு எசமான்–வேலையாள் சட்டம், வேலைக்கு வராதவரை மூன்று மாதம் வரை சிறையில் இடலாம் என்றது. இலங்கையின் 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதே மூன்று மாதத்தையே சொன்னது. ஆனால் இங்கிலாந்துத் தொழிலாளி 1875இல் அந்தத் தண்டனையிலிருந்து விடுபட்டார். அதே முடியின் கீழ் இருந்த தோட்டத் தொழிலாளி 1920களின் தொடக்கம் வரை காத்திருந்தார்.

தண்டனையைத் தவிர இரு இடத்திலும் ஈர்ப்பும் வந்தது. பர்மிங்காமில் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை பரவியபோது புனிதத் திங்கள் மெல்லத் தேய்ந்தது. தோட்டத்தில் வந்தது காசு: கூட்டு ஒப்பந்தப்படி, வேலை தரப்பட்ட நாட்களில் 75 வீதம் வந்தவருக்கு நாளொன்றுக்கு 2013இல் 140 ரூபாயும், 2016இல் 60 ரூபாயும் வரவுக் கொடுப்பனவு. ஓய்வுக்கு ஓய்வையே மாற்றாகத் தந்தது அந்த ஏற்பாடு. ஓய்வுக்கு விலை வைத்தது இந்த ஏற்பாடு.

இன்னோர் ஒற்றுமை மகிழ்ச்சி தருவதல்ல. புனிதத் திங்களின் செலவை வீட்டுப் பெண்கள் தாங்கினார்கள். கூட்டாளிகள் ஆற்றில் குளிக்கும் நாளிலும் கொழுந்துக் கூடையோடு மலையேறுபவர் அக்காவோ அம்மாவோதான். அவர் ஒரு நாள் நின்றாலும் அந்த நாளைத் துணி துவைப்பதும் பிள்ளையின் மருந்தும் எடுத்துக்கொள்கின்றன. தோழியருக்கு எஞ்சுவது கொஞ்சம்.

இரண்டையும் நிறுத்துப் பார்த்தால், சொல்லாமல் எடுத்த அந்த நாள் சோம்பலின் அடையாளம் அல்ல. சேர்ந்திருக்க நேரம் தரப்படாதபோது மனிதர் தாமே எடுத்துக்கொண்ட பங்கு அது. பர்மிங்காமின் அனுபவம் ஒரு வழியைக் காட்டுகிறது. பேர் குறைகிறதே என்று கவலைப்படும் தோட்டங்கள், கூலி குறையாத ஒரு பொது அரைநாளை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகத் தரட்டும்.