மாணவர் மன்றம் பயிற்றிய பாடம்

மாணவர் மன்றத்தை வெறும் பொழுதுபோக்கென்று எண்ணும் ஆசிரியர் நம்மிடையே உளர். அவர்கள் அமெரிக்க நாட்டு ஃபார்ம்வில் ஊரின் வரலாற்றை அறிதல் நன்று.

வர்ஜீனியா மாநிலத்து அவ்வூரில், கறுப்பின மாணவர்க்கென 1939இல் எழுந்தது மோட்டன் உயர்நிலைப்பள்ளி. 180 பேருக்கெனக் கட்டிய அப்பள்ளியில் 1951இல் 450 பேருக்கு மேல் பயின்றனர். பெற்றோர் முறையிட்டும் புதுக்கட்டடம் எழவில்லை. தார் பூசிய தாள் போர்த்திய கொட்டகைகளே கிடைத்தன.

பதினாறு வயது மாணவி பார்பரா ஜான்ஸ் மாணவர் மன்றத்திலும் நாடகக் குழுவிலும் பாடற்குழுவிலும் இருந்தவர். அவற்றின் பொருட்டுப் பிற பள்ளிகளுக்குச் சென்றபோது தம் பள்ளியின் தாழ்நிலை அவருக்கு விளங்கிற்று. தோழர் சிலரோடு மறைவாகக் கூடித் திட்டமிட்டார். 1951 ஏப்ரல் 23ஆம் நாள், பொய்த் தொலைபேசிச் செய்தியால் தலைமையாசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, மாணவரை மண்டபத்தில் கூட்டினர். ஆசிரியரை வெளியேற வேண்டினர். இருவாரம் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அதன்பின் அவர்கட்காகத் தொடுத்த வழக்கு, பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாதென 1954 மே 17இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்குகளுள் ஒன்றாயிற்று.

கொடுத்த விலையும் பெரிது. தலைமையாசிரியர் வேலை இழந்தார். 1959 முதல் 1964 வரை அம்மாவட்டம் பொதுப்பள்ளிகளையே மூடிவிட்டது.

தலைமையாசிரியனாகிய நான் பொய்ச் செய்தியைப் போற்றேன். ஆயினும் கூடி முடிவெடுக்கும் பழக்கம் அம்மாணவர்க்கு இருந்ததை எங்ஙனம் மறுப்பது? நம் மன்றங்களிலும் தீர்மானத்தை மாணவரே எழுதட்டும். நாம் எழுதிக் கொடுத்து அவர் படிப்பது பயிற்சியாகாது.