ஐம்பதைத் தொடும்வரை

ஜன்னல் வெட்டிய தடித்த அட்டை ஒன்று. அதற்குள் எண்கள் அச்சிட்ட சின்னச் சக்கரங்கள், அவற்றைப் பிடித்து நிறுத்தப் பிளாஸ்டிக் குமிழ்கள். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி கார்டு கேம்’ 2011-ல் வெளிவந்தபோது பெட்டியிலிருந்த இருநூற்றுச் சொச்சம் ஓவியச் சீட்டுகளுக்கு நடுவே இந்தச் சாமானை யாரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆட்டத்தின் மூளை இங்கேதான் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் இதை ‘த்ரெட் டயல்’ என்கிறார்கள். தீய சக்தியான சௌரானின் பார்வை உங்கள் மீது எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்லும். அது 50-ஐத் தொட்டால் நீங்கள் ஆட்டத்தில் இல்லை.

இந்த எண்ணுக்கு ஒரு மூதாதை உண்டு. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஜெர்மானியர் ரைனர் க்னிட்சியா 2000-ல் டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையை ஒரு கூட்டு ஆட்டமாக்கினார். ஐந்து பேர் வரை ஆளுக்கொரு ஹாபிட் என்ற குள்ள மனிதராகி, கையிலுள்ள சீட்டுகளை இறக்கி சௌரானின் மோதிரத்தை அழிக்கப் போகிறார்கள். ஒருவரை ஒருவர் வெல்வது நோக்கமே இல்லை; எல்லோரும் சேர்ந்து ஆட்டத்தையே வெல்ல வேண்டும். அப்படியானால் எதிரி எங்கே? ஒரே ஒரு நீளக் கோட்டில். கோட்டின் ஒரு முனையில் ஹாபிட்கள் நிற்பார்கள்; சௌரானின் கரிய காய் வழக்கமாக 12-ஆம் கட்டத்தில் தொடங்கும். தவறு நேரும்போதெல்லாம் இருவருக்கும் நடுவே உள்ள தூரம் குறையும். சந்தித்துவிட்டால் அந்த ஹாபிட் காலி. மோதிரம் சுமப்பவரே சிக்கினால் எல்லோருக்கும் தோல்வி. எதிராளி இல்லாத ஆட்டத்திலும் நெஞ்சைப் பதைக்க வைக்க ஒரு கோடும் ஒரு காயும் போதும் என்று அந்த ஆட்டம் காட்டியது.

பதினோரு ஆண்டுகள் கழித்து ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் நிறுவனத்தில் நேட் ஃப்ரெஞ்ச் தலைமையில் உருவான சீட்டு ஆட்டத்தில் அந்தக் கோடு சுருண்டு சக்கரமானது. வடிவத்தைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. பலகையின் நடுவில் பொதுவாகக் கிடந்த ஆபத்து ஒவ்வொருவர் கைப்பக்கத்துக்கும் பிரிந்து வந்தது. உங்களுக்கு ஓர் எண், எனக்கு ஓர் எண்.

தொடக்க எண்ணைத் தீர்மானிப்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் மூன்று நாயகர்கள். பெரும்பாலான நாயகர்களுக்கு மனவலிமை, தாக்குதல், தற்காப்பு, உயிர்ப்புள்ளி நான்கையும் கூட்டினால் வருவதுதான் த்ரெட் மதிப்பு. ஆரம்பப் பெட்டியின் ஆரகார்ன் 2, 3, 2, 5, ஆக 12. எயோவின் 4, 1, 1, 3, ஆக 9. பலசாலி என்றால் எதிரியின் கண்ணில் படுவான். சிறியவர்களைப் பெரியவர்கள் கண்டுகொள்வதில்லை என்பதால்தானே டோல்கீனின் கதையே நடக்கிறது! கதையின் உயிர்நாடியை இவ்வளவு சிக்கனமாக ஒரு கூட்டல் கணக்குக்குள் கொண்டுவந்த வேறொரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

கண்ணில் படுவது என்றால் என்ன என்று ஒரு சீட்டை வைத்துப் பார்ப்போம். ஆரம்பப் பெட்டியின் இரண்டாவது பயணம் ஆண்டுயின் நதியோரம். தொடங்கும்போதே ஒரு மலை ட்ரோல் (பூதம்) நடுக்களத்துக்கு வந்துவிடும். அதைக் கொல்லாமல் முதல் கட்டத்தைத் தாண்ட முடியாது. அதன் சீட்டில் 30 என்று ஓர் எண் இருக்கும். யாருடைய டயல் 30-ஐ எட்டுகிறதோ அவர் மீது அது பாயும். அதுவரை சும்மா நிற்கும். ஆரகார்ன், தியோட்ரெட், க்ளோயின் மூவரையும் எடுத்தவரின் தொடக்க எண் 29. ஒவ்வொரு சுற்று முடிவிலும் எண் ஒன்று ஏறும் என்பதால் இரண்டாம் சுற்றிலேயே ட்ரோல் அவர் முன்னால் நிற்கும். எயோவின், எலினார், டூன்ஹெரே அணிக்கு 24. வேறு எதுவும் எண்ணை ஏற்றாவிட்டால் ஆறு சுற்று அவகாசம். நடுக்களத்தில் ட்ரோல் நிற்பதால் பயணத்துக்கு வரும் இடைஞ்சலும் ஒரே ஒரு புள்ளிதான். ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும்வரை அதைத் தொடாமல் விட்டுவைப்பதே கெட்டிக்காரத்தனம்.

ட்ரோல் வந்தே தீரும். அதன் அடி 6. ஒரு புள்ளித் தற்காப்பும் ஒரு உயிர்ப்புள்ளியும் உள்ள எளிய சாரணனை முன்னால் தள்ளி நாயகனைக் காப்பாற்றலாம் என்று கை துறுதுறுக்கும். சீட்டு ஆடுபவர்கள் எல்லா ஆட்டத்திலும் செய்கிற தந்திரம்தான். இங்கே அதற்கு விலை உண்டு. தற்காப்பு ஒன்றைக் கழித்தால் மிஞ்சும் அடி 5. சாரணன் சாக ஒன்று போதும். மீதி 4 உங்கள் டயலில் ஏறும் என்று ட்ரோல் சீட்டிலேயே எழுதியிருக்கிறது. சின்னவனைப் பலி கொடுத்த சத்தம் சௌரானின் காதில் விழுந்துவிட்டது என்று நான் அதைப் படிக்கிறேன்.

இருவர் ஆடும்போது டயலின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். கூட்டு ஆட்டங்களுக்கு ஒரு பழைய நோய் உண்டு: அனுபவசாலி ஒருவர் எல்லோருடைய கையையும் தானே ஆடிவிடுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எண்கள் தனித்தனியாக இருப்பதால் வேலையும் தானாகப் பிரிகிறது. உயர்ந்த எண்காரர் எதிரிகளை வாங்கிக்கொள்வார். தாழ்ந்த எண்காரர் பயணத்தை நகர்த்துவார். பயணத்தில் தோற்றால் மட்டும், பற்றாக்குறை எவ்வளவோ அவ்வளவும் எல்லோருடைய டயலிலும் ஏறும். நோய் முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடங்கியிருக்கிறது.

ஒளிந்தே ஜெயித்துவிடலாமா? வடிவமைத்தவர்கள் அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். அதே ஆண்டுயின் பயணத்தில் கோப்ளின் வில்லாளி ஒருவன் வருவான். அவன் எண் 48. கிட்டத்தட்ட யாரையும் தேடி இறங்கி வரமாட்டான். தூர நின்றபடியே சுற்றுக்குச் சுற்று அம்பு விடுவான். நடுக்களத்தில் வேறு எதிரி இருந்தால் நீங்களாகப் போய் அவனோடு மோதவும் முடியாது.

2011-லிருந்து சிறு பொதிகளாகப் புதுச் சீட்டுகள் வர வர டயலுக்கு வேறு வேலைகளும் சேர்ந்தன. அந்த ஆண்டே வந்த போரோமிர், தன்னை ஆடுபவரின் த்ரெட்டை ஒன்று ஏற்றி, வேலை செய்து சாய்ந்த நிலையிலிருந்து மறுபடி எழுந்து நிற்பான். ஒரே சுற்றில் தடுக்கலாம், எழுந்து அடிக்கவும் செய்யலாம். ஒவ்வொரு முறையும் எண் ஏறும். அழிவை நோக்கி எண்ணிக்கொண்டிருந்த சக்கரம் இப்போது செலவு செய்யும் காசு. 2012-ல் இன்னொரு ஆரகார்ன் வந்தார். அவர் ஒரு ஆட்டத்தில் ஒரே ஒருமுறை உங்கள் த்ரெட்டைத் தொடக்க எண்ணுக்கே இறக்குவார். இருவரையும் ஒரே அணியில் வைத்துப் பாருங்கள்: போரோமிர் 40-ஐத் தாண்டித் தாராளமாகச் செலவழிப்பான், ஆரகார்ன் ஒரே மூச்சில் கடனை அடைப்பார். எப்போது அடைப்பது என்பதில்தான் சூட்சுமம். சீக்கிரம் அடைத்தால் லாபம் குறையும்; தாமதித்தால் ஒரே ஒரு கெட்ட சீட்டு 50-க்குத் தள்ளிவிடும்.

அதே 2012-ல் டயல் இருபதிலோ அதற்குக் கீழோ இருந்தால் விலை குறையும் சீட்டுகளும் அறிமுகமாயின. நல்ல யோசனை, ஆனால் அவசரப்பட்டுவிட்டார்கள். ஆரம்பப் பெட்டியின் மிக எளிய மூன்று நாயகர்களைக் கூட்டினாலும் 23. ஒருவரை விட்டுவிட்டு இரண்டே நாயகர்களோடு ஆடினால்தான் அந்தச் சலுகை கிடைத்தது. அடுத்த ஆண்டு ‘தி பிளாக் ரைடர்ஸ்’ பெட்டி சாம் 8, மெர்ரி 6, பிப்பின் 6 என்று மூன்று ஹாபிட்களைக் கொடுத்தது. சரியாக 20. முதல் சுற்று முடிந்ததும் 21 ஆகிவிடுவதால் முதல் கையிலேயே சலுகையைக் கறந்துவிட வேண்டும்! 2014-க்குப் பின் வந்த ஒரு தொடர் எதிர்ப்பக்கம் திரும்பி, 40-ஐ எட்டியவர்களின் சீட்டுகளுக்குக் கூடுதல் வீரியம் தந்தது. பயந்து நடுங்க வேண்டிய இடத்தில் துணிச்சலுக்குக் கூலி. எனக்குப் பிடித்தது இதுதான்.

சறுக்கலும் உண்டு. 2012-ன் க்ளோர்ஃபிண்டல் சீட்டில் நான்கு வலிமையும் கூட்டினால் 12. த்ரெட்டோ வெறும் 5. பயணத்துக்காகச் சாய்ந்தால் த்ரெட் ஒன்று ஏறும் என்பதுதான் பரிகாரமாக வைத்த கட்டுப்பாடு. அதே பொதியில், சாயாமலே பயணம் போக வழிசெய்யும் சீட்டு ஒன்றையும் வைத்துவிட்டார்கள். கட்டுப்பாடு காற்றில் போயிற்று. பலசாலி கண்ணில் படுவான் என்ற அடிப்படை நியாயமே அங்கே உடைகிறது. அவரைச் சேர்த்த அணிகள் ஏராளமாக வென்றன என்பதால் மட்டும் அந்தச் சீட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டயலின் உடம்புக்கும் ஒரு கதை இருக்கிறது. 2011 பெட்டியில் இரண்டே டயல்கள்; நால்வர் ஆட வேண்டுமானால் இன்னொரு பெட்டி. நாயகனை மறுபடி எழுப்பும் ‘அன்எக்ஸ்பெக்டட் கரேஜ்’ ஒரே ஒரு பிரதிதான் இருந்ததால், விதி அனுமதிக்கும் மூன்றையும் வைத்துக்கொள்ளப் பெட்டிமேல் பெட்டி வாங்கியவர்கள் உண்டு. அது வியாபாரம் ஆட்டக்காரர்களுக்குச் செய்த அநியாயம் என்றே சொல்வேன். 2022-ல் வந்த திருத்திய பெட்டி நால்வருக்கும் டயல் தந்து, நாயகர் கட்டுச் சீட்டுகளையும் மும்மூன்றாக வைத்து அதைச் சரிசெய்தது.

நேட் ஃப்ரெஞ்ச் பங்கெடுத்த அடுத்த ஆட்டங்களில் சக்கரம் வேறு வடிவங்களில் தொடர்கிறது. 2016-ன் ‘ஆர்காம் ஹாரர்’ சீட்டு ஆட்டத்தில் ஆபத்து மறுபடி பொதுச்சொத்து. சுற்றுக்கு ஒரு வில்லை நடுவிலுள்ள சீட்டில் சேரும். 2019-ன் ‘மார்வெல் சாம்பியன்ஸ்’ த்ரெட் என்ற பெயரையே வைத்துக்கொண்டு, அதை வில்லனின் சதித்திட்டச் சீட்டுக்கு மாற்றிவிட்டது. த்ரெட்டுக்கு டயல் இல்லை. ஆனால் ஒவ்வொருவர் முன்னாலும் இருபக்கச் சீட்டு இருக்கிறது: ஒரு பக்கம் முகமூடி வீரன், மறுபக்கம் வீட்டிலிருக்கும் சாதாரண மனிதன். வீரனாக நின்றால் வில்லன் உங்களை அடிப்பான். சாதாரண மனிதனாகத் திருப்பிக்கொண்டால் அடிக்க மாட்டான், அந்த நேரத்தில் சதியை வளர்ப்பான். எப்போது கண்ணில் படுவது என்ற அதே கேள்விதான். 2011-ல் அதற்கு ஐம்பது படிகள் இருந்தன. இங்கே இரண்டு பக்கங்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு இரண்டு பக்கம் எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ட்ரோலின் 30-க்கு ஒரு படி கீழே நின்றுகொண்டு அடுத்த சீட்டைத் திருப்பும் நடுக்கத்துக்கு மட்டும் டயல்தான் வேண்டும்.