சாவா மூவாப் பேராடும் நம்ம கோயில் கணக்கும்

ஓம் நமசிவாய.

ஜெஞ்சாரோம், பந்திங், கிள்ளான் பக்கம் இருக்கிற நம் மக்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதை முழுசா படிக்கணும்னு கேட்டுக்கொள்கிறோம். பதிவு நீளம்தான். ஆனா திருப்பணி நடக்கிற, நடக்கப்போகிற எல்லாக் கோயிலுக்கும் இது தேவையான விஷயம்.

சோழர் காலத்தில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு உபயம் செய்யணும்னா பெரும்பாலும் ஆடு கொடுப்பாங்க. ஒரு விளக்குக்கு 96 ஆடு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்தக் கணக்கு தெளிவா இருக்கு. 96 ஆடு, இல்லைன்னா 48 பசு, இல்லைன்னா 16 எருமை. அதை ஓர் இடையரிடம் ஒப்படைப்பாங்க. அவர் தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். இதே 96 என்ற எண் வேற பல ஊர்க் கல்வெட்டுகளிலும் திரும்பத் திரும்ப வருது.

அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் ஓர் அழகான பேர் உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு. அப்படி ஓர் ஆடு உலகத்தில் இருக்குமா? இல்லை. ஆடு சாகும், குட்டியும் போடும். செத்த ஆட்டுக்குப் பதிலா குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாம பார்த்துக்கிறது இடையரோட பொறுப்பு. ஆடு மாறிக்கிட்டே இருக்கும், கணக்கு மாறாது. அதனாலதான் கொடுத்தவர் காலம் முடிஞ்ச பிறகும் விளக்கு எரிஞ்சது.

நம்ம முன்னோர் ஆட்டுக்குச் செய்ததையே எழுத்துக்கும் செய்தாங்க. அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரையில் இருக்கிறது திருமழபாடி வைத்தியநாதர் கோயில். அங்கே மூலவர் விமானத்தைப் பிரிச்சுப் புதுசா கட்டணும்னு ராஜராஜ சோழரின் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், உத்தரவு ஆச்சு. பழைய சுவர் முழுக்கக் கல்வெட்டு. சுவரை இடிச்சா யார் என்ன கொடுத்தாங்கங்கிற கணக்கும் போயிடும். அதனால இடிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாக் கல்வெட்டையும் ஒரு புத்தகத்தில் படி எடுக்கச் சொன்னாங்க. அடுத்த வருஷமே ராஜராஜர் மறைந்தார். ஆனா வேலை நிற்கலை. அவர் மகன் ராஜேந்திரரின் 14ஆம் ஆட்சியாண்டில் அந்தப் படியைப் பார்த்துப் புதுச் சுவரில் திரும்பவும் வெட்டினாங்க. நடுவில் ஏறக்குறைய 13 வருஷம். மன்னர் மாறினார், சுவர் மாறிச்சு, எழுத்து மட்டும் மாறலை.

இன்னைக்கு நாம 'பேக்கப்'னு சொல்றோமே, அது இதுதான். கல்லே நிரந்தரம்னு நம்பி அவங்க சும்மா இருக்கலை. கல்லும் ஒருநாள் இடியும்னு தெரிஞ்சு வச்சிருந்தாங்க. படி எடு, பத்திரமா வை, எல்லாரும் பார்க்கிற இடத்தில் திரும்ப வை. மூணும் நடந்தாதான் எழுத்து பிழைக்கும்.

இதெல்லாம் பெரிய மன்னர்கள் கதை, நமக்கென்னன்னு சிலர் கேட்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜர் தான் கொடுத்ததை மட்டும் வெட்டச் சொல்லலை. அவர் அக்கா குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவங்க கொடுத்தது எல்லாம் கல்லில் ஏறிச்சு. கோயில் பணிக்கு வந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பேரு, எந்தக் கோயில்ல இருந்து வந்தாங்க, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் எழுதி இருக்கு.

ஆயிரம் வருஷம் கழிச்சு அந்தப் பேர்கள்தான் வரலாறு ஆச்சு. ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமா, நம்ம பேராசிரியர் ஒய். சுப்பராயலு, இன்னொரு ஜப்பானியர் தோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வர்ற ஆட்பெயர்களை எல்லாம் தொகுத்து, 1978ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டாங்க. தனித்தனியா பார்த்தா அது வெறும் பேர். ஆயிரக்கணக்கில் வரிசைப்படுத்திப் பார்த்தா யாரிடம் நிலம் இருந்தது, எந்தப் பட்டம் யாருக்குக் கிடைத்தது, எப்போது நிலைமை மாறியது எல்லாம் தெரிய வருது. விளக்குக்கு ஆடு கொடுத்தவர் வரலாறு எழுதறோம்னு நினைச்சா கொடுத்தார்? சாமிக்குக் கொடுத்தார். எழுதி வச்சவங்கதான் அவரை வரலாறு ஆக்கினாங்க.

இப்ப நம்ம பக்கம் வருவோம். இங்கே இருக்கிற பல கோயில்கள் தோட்டத்தில் பிறந்தவை. ரப்பர் மரம் வெட்டின நம் தாத்தா பாட்டி, சம்பளத்தில் மிச்சம் பிடிச்ச காசில் எழுப்பினவை. அப்புறம் ரப்பர் போய் செம்பனை வந்துச்சு, தோட்டம் கைமாறிச்சு, லயம் காலியாச்சு. கோயில் இடம் மாற வேண்டிய நேரத்தில் முதல்ல வர்ற கேள்வி: இந்தக் கோயில் எப்ப இருந்து இருக்கு, ஆதாரம் எங்கே? அந்த நேரத்தில் பக்தி மட்டும் போதாது. ஒரு பழைய ரசீது, ஒரு கும்பாபிஷேக மலர், உபயக்காரர் பேர் போட்ட ஒரு பளிங்குக்கல், இவைதான் பேசும்.

இப்போ எல்லாம் கைப்பேசியில் இருக்குன்னு நாம நிம்மதியா இருக்கோம். உபயப் பட்டியல் புலனக் குழுவில், திருப்பணிப் படங்கள் யாரோ ஒருத்தர் கைப்பேசியில், கணக்கு இன்னொருத்தர் மடிக்கணினியில். நிர்வாகம் மாறினா, கைப்பேசி தண்ணியில் விழுந்தா, கதை முடிஞ்சது. 96 ஆட்டை வாங்கி மேய்ப்பவர் இல்லாம வெளியில் விட்ட மாதிரிதான் இது.

செயற்கை நுண்ணறிவு இருக்கே, அது கண்டுபிடிச்சுத் தராதான்னு இளைஞர்கள் கேட்கிறாங்க. மங்கின எழுத்தைப் படிக்க அது உதவும், நல்ல விஷயம். ஆனா எழுதாத பேரை அதால கண்டுபிடிக்க முடியாது. வற்புறுத்திக் கேட்டா இல்லாத பேரையும் நம்புற மாதிரி எழுதிக் கொடுத்திடும். அதனால அசல் நம்ம கையில் இருக்கணும்.

ஆகவே திருப்பணிக்கு முன்னாடி ஒவ்வொரு கோயிலும் இதைச் செய்யணும்னு தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறோம். சுவரில் கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பளிங்குக்கல்லையும் எழுத்து தெளிவா தெரியற மாதிரி படம் பிடியுங்க. பேர்களைத் தாளிலும் எழுதுங்க. மூணு படி எடுத்து மூணு குடும்பத்திடம் கொடுங்க. வருஷா வருஷம் ஆண்டுக் கூட்டத்தில் மூணையும் ஒப்பிட்டுப் பாருங்க, பழுதானதை மாற்றுங்க. வேலை முடிஞ்சதும் பழைய பேர்கள் புதுச் சுவரில் முதல்ல ஏறட்டும், புது உபயக்காரர் பேர் அதுக்குக் கீழே வரட்டும். பத்து வெள்ளி கொடுத்த பாட்டி பேரும் விடுபடக்கூடாது.

வீட்டில் பழைய கும்பாபிஷேக மலர், ரசீது, தோட்டத்துக் கோயில் படம் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. அடுத்த முறை கோயிலுக்கு வரும்போது எடுத்து வாங்க. உங்க கண் முன்னாலேயே படி எடுத்துட்டு, அசலை உங்களிடமே கொடுத்துடுவோம்.

விளக்கு எரிய நெய் மட்டும் போதாது, ஆட்டை எண்ணிப் பார்க்க ஓர் ஆள் வேணும். அந்த வேலையை நாம எல்லாரும் சேர்ந்து எடுத்துக்குவோம்.

திருச்சிற்றம்பலம்.