அளவு ஒன்று, ஆள் வேறு: பிஸ்டல் பிரைமருக்கும் ரைஃபிள் பிரைமருக்கும் என்ன வித்தியாசம்?

2020 ஜனவரி 8. இரவு நேரம். களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியில் இருந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டுகால், நெய்யாற்றின்கரை, பாறசாலை பக்கம் வீடு இருந்தால் இந்தச் சாவடியை நீங்கள் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். பாறசாலை தாண்டினால் களியக்காவிளை, கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். கொலைக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட கைத்துப்பாக்கியை அதே மாதம் எர்ணாகுளத்தில், பேருந்து நிலையம் அருகே ஒரு கழிவுநீர் ஓடையிலிருந்து போலீஸார் எடுத்தார்கள். வழக்கு பிறகு என்.ஐ.ஏ.விடம் போனது.

இப்படி ஒரு துப்பாக்கி கிடைத்ததும் தடயவியல் ஆய்வகம் கேட்கும் முதல் கேள்வி: சுட்டது இதுதானா? பல வழக்குகளில் இதற்குப் பதில் குண்டில் கிடைப்பதில்லை. தோட்டாவின் பின்பக்கம், நடுவில் பதிந்திருக்கும் ஒரு சின்ன உலோக மூடியில் கிடைக்கிறது. அதன் பெயர் பிரைமர்.

பிரைமர் என்ன செய்கிறது?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, முன்னால் குண்டு, பின்னால் பிரைமர். விசையை இழுத்ததும் ஃபயரிங் பின் எனும் ஊசி பிரைமரைக் குத்தும். உள்ளே இருக்கும் ரசாயனம் நசுங்கித் தீப்பொறி கக்கும். அந்தத் தீ ஒரு சிறு துளை வழியாக வெடிமருந்தைத் தொடும். அடுத்த நொடியின் மிகச் சிறிய பங்கில் குண்டு கிளம்பிவிடும். தீப்பெட்டிதான், ஆனால் தட்டினால் பற்றும் தீப்பெட்டி.

சுட்டு முடித்த கூட்டைத் தூக்கிப் போடாமல், புது பிரைமர், மருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டா ஆக்குவதற்கு ரீலோடிங் என்று பெயர். அமெரிக்காவில் இது சாதாரண பொழுதுபோக்கு. அங்கே இருக்கும் உங்கள் அண்ணனோ ஆபீஸ் நண்பரோ வார இறுதியில் இதைச் செய்துகொண்டிருக்கலாம்.

அப்போ குழப்பம் எங்கே?

பிரைமர்கள் முக்கியமாக நான்கு வகை: சின்ன பிஸ்டல், சின்ன ரைஃபிள், பெரிய பிஸ்டல், பெரிய ரைஃபிள். பெரியவை இரண்டும் உயரத்தில் கொஞ்சம் வேறுபடும், மாற்றி வைத்தால் சரியாக உட்காராது. கை உடனே கண்டுபிடித்துவிடும். சின்னவை அப்படி இல்லை. இரண்டுக்குமே விட்டம் சுமார் 4.45 மில்லிமீட்டர். உயரமும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றின் இடத்தில் மற்றது அழகாக உட்கார்ந்துவிடும். ஆபத்தே இதுதான்.

வித்தியாசம் மூடியின் தடிமனில் இருக்கிறது. சின்ன பிஸ்டல் பிரைமரின் தகடு சுமார் 0.43 மில்லிமீட்டர். சின்ன ரைஃபிள் பிரைமரில் தயாரிப்பாளரைப் பொறுத்து ஏறத்தாழ 0.5 முதல் 0.64 வரை. கேட்க ஒன்றுமில்லாத எண்கள்தான். ஆனால் அந்தத் தகடு தாங்க வேண்டிய அழுத்தத்தைப் பாருங்கள். உங்கள் கார் டயரில் இருப்பது 32 பி.எஸ்.ஐ. சுற்று. 9 எம்.எம். பிஸ்டல் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வரையறுத்த உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. .223 ரெமிங்டன் ரைஃபிள் தோட்டாவுக்கு 55,000. போட்டிகளில் பயன்படும் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவுக்கோ வெறும் 15,000.

ரைஃபிள் தோட்டாவில் பிஸ்டல் பிரைமரை வைத்தால் மெல்லிய தகடு ஓட்டையாகி, சூடான வாயு ஊசி வழியாகச் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்னால் வரலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. சில தானியங்கி ரைஃபிள்களில் ஊசியைப் பிடித்து நிறுத்த ஸ்பிரிங் கிடையாது. தோட்டா அறைக்குள் ஏறும்போதே அது பிரைமரை லேசாகத் தொடும். தகடு மெல்லியதாக இருந்தால் விசையைத் தொடாமலேயே வெடிக்கும். எம்-16 ரைஃபிளின் ஆரம்பக் காலத்தில் அமெரிக்க ராணுவம் இந்தப் பிரச்னையைச் சந்தித்துத்தான் ஊசியின் எடையைக் குறைத்தது.

எதிர்ப்பக்கம் அவ்வளவு பயங்கரம் இல்லை, ஆனால் எரிச்சல். பிஸ்டல் தோட்டாவில் ரைஃபிள் பிரைமர் இருந்தால் தடித்த தகட்டைப் பலவீனமான ஊசி நசுக்க முடியாமல் போகலாம், 'க்ளிக்', அவ்வளவுதான். அந்த 'க்ளிக்' கேட்டதும் துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. சில சமயம் தாமதமாக வெடிக்கும்.

பெயரை வைத்து முடிவு கட்டவும் முடியாது. .454 கேசுல் ஒரு ரிவால்வர் தோட்டா. ஆனால் 65,000 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்பதால் அதற்கு வடிவமைப்பிலேயே சின்ன ரைஃபிள் பிரைமர்தான். பிரைமரைத் தீர்மானிப்பது கையில் இருக்கும் துப்பாக்கி அல்ல, தோட்டா. 2020-21ல் அமெரிக்காவில் பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது 'இதுக்குப் பதில் அது போடலாமா' என்று நிறைய பேர் தேட ஆரம்பித்தார்கள். சோதித்து வெளியிட்ட அட்டவணை சொல்லாத மாற்றத்தை வீட்டு மேஜையில் முயற்சி செய்வது, என் பார்வையில், சூதாட்டம்.

ஆய்வகம் ஏன் இதைத் தேடுகிறது?

பிரைமர் தகடு மிருதுவானது. ஊசி குத்திய பள்ளமும், துப்பாக்கியின் பின்சுவரில் இருக்கும் நுண்ணிய கீறல்களும் அதில் முத்திரை மாதிரி பதிந்துவிடும். சந்தேகத்துக்குரிய துப்பாக்கியில் சோதனைத் தோட்டா ஒன்றைச் சுட்டு, இரண்டு கூடுகளையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கலுவா என்பவர் உத்தரப் பிரதேச அரசுக்கு எதிராகத் தொடுத்த மேல்முறையீட்டில், சம்பவ இடத்தில் கிடைத்த தோட்டாக் கூடும் நாட்டுத் துப்பாக்கியும் பொருந்தியதை உச்ச நீதிமன்றம் 1950களிலேயே முக்கியச் சாட்சியாக ஏற்றது. சுட்டவர் கையில் ஆய்வகம் தேடும் ஈயம், பேரியம், ஆன்டிமனி துகள்களும் பெரும்பாலும் பிரைமர் ரசாயனத்திலிருந்து வருபவைதான்.

சரி, இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் பிரிவு 2, தோட்டாவின் பாகங்களையும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களையும் கூட 'தோட்டா' என்றே வரையறுக்கிறது. அதாவது குண்டோ மருந்தோ இல்லாத ஒரு பெட்டி பிரைமரும் சட்டத்தின் கண்ணில் தோட்டா. கொண்டுவர பிரிவு 10-ன் கீழ் உரிமம் வேண்டும். தயாரிப்பு பிரிவு 5-க்குள் வருகிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத் தயாரிப்புக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

தெரியாமல் பையில் தங்கிவிட்டால்? 1972ல் குன்வந்த்லால் வழக்கில், ஒரு பொருள் தன்னிடம் இருப்பதை அறிந்து வைத்திருப்பதுதான் சட்டம் சொல்லும் 'வைத்திருத்தல்' என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. பயணப் பையில் ஒற்றைத் தோட்டா சிக்கிய வழக்குகளில் உயர் நீதிமன்றங்கள் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்வதும் இந்த அடிப்படையில்தான். பிரிவு 45-ம், சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் இதெல்லாம் நீதிமன்றத்தில் கிடைக்கும் நிவாரணம். அதற்கு முன் விமானம் போய்விடும், பாஸ்போர்ட் கவலை வரும், வக்கீல் ஃபீஸ் வரும்.

அதனால் ஊருக்கு வரும் அண்ணனிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையைத் திருவனந்தபுரம் விமானத்துக்கு எடுத்துக்கொண்டு வர வேண்டாம். அந்தப் பைதான் வேண்டும் என்றால், பக்கவாட்டு ஜிப் வரை உதறிப் பார்க்கச் சொல்லுங்கள்; 4.45 மில்லிமீட்டர் மூடி தையல் மடிப்பிலேயே ஒளிந்துகொள்ளும்.