இதயமும் ஒரு சதைதான்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதயம்தான் கைமுதல். என் கதாநாயகிகளின் இதயம் இதுவரை எத்தனை முறை விம்மியிருக்கிறது, வெடித்திருக்கிறது, கல்லாகியிருக்கிறது என்று கணக்குப் பார்த்தால் எனக்கே வெட்கமாகிவிடும். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு டாக்டர், "இதயமும் ஒரு சதைதானே, சார்! அதில் ஒரு பகுதி இரத்தம் கிடைக்காமல் செத்துப் போயிருக்கிறது" என்றார்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்தவர் என் தகப்பனார். ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது என்றும் அந்த நல்ல மனிதர் சொன்னார். ஆனாலும், 'ஒரு சதைதானே' என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது, அந்தச் சொல்லை நிலைநாட்ட மனிதனுக்குச் சுமார் 1,500 வருஷங்கள் பிடித்திருக்கின்றன என்று!

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த காலன் என்ற கிரேக்க வைத்தியர், இதயம் தசையே அல்ல என்று தீர்ப்புச் சொன்னார். அவர் லேசுப்பட்டவர் அல்ல. ஆயுதம் ஏந்திப் பொருதும் மல்லர்களின் காயங்களுக்கு மருந்து போட்டவர். பிற்பாடு சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸுக்கே வைத்தியம் பார்த்தவர். அவருடைய வாதத்தைக் கேளுங்கள். கை, கால் தசைகள் நாம் நினைத்தால் அசைகின்றன, வேண்டாமென்றால் சும்மா இருக்கின்றன. இதயம் நம்மைக் கேட்டா துடிக்கிறது? மற்ற தசைகளுக்கு ஓய்வு உண்டு, இதற்கு உண்டா? இதன் சதை கெட்டியானது. நார்களோ பல திசைகளில் ஓடுகின்றன. ஆகவே இது வேறு ஜாதி.

காலன் கண்ணால் கண்டதில் பிழை அதிகம் இல்லை. முடிவு கட்டியதில்தான் பிழை. ஆனால் பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி அல்லவா? உடம்பின் உஷ்ணமெல்லாம் உற்பத்தியாகும் அடுப்பு இதயமே என்று தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். இரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று 1628-ல் எடுத்துக்காட்டிய ஹார்வி, இதயம் துடிக்கும்போது தசையைப் போலவே கெட்டிப்படுவதைக் கவனித்தார். அதற்குப் பின்னும், 1637-ல், டேக்கார்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவ ஞானி இதயத்தின் சூட்டில் இரத்தம் பொங்கி விரிவதாகவே எழுதினார்.

அந்த அடுப்பை அணைத்தவர் நீல்ஸ் ஸ்டென்சன் என்ற வாலிபர். கோபன்ஹேகனில் ஒரு பொற்கொல்லருக்குப் பிள்ளையாய்ப் பிறந்தவர். ஹாலந்து தேசத்து லைடன் நகரில் படித்தபோது, மாட்டின் இதயம் ஒன்றை வேகவைத்து நார் நாராகப் பிரித்துப் பார்த்தார். முயலின் கால் தசையையும் அதேபோல் ஆராய்ந்தார். தசையில் உள்ளவை அத்தனையும் இதயத்தில் இருந்தன. தசையில் இல்லாத எதுவும் இதயத்தில் இல்லை. 1664-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஆத்மாவின் சிம்மாசனமும் இல்லை, அடுப்பும் இல்லை; இதயம் ஒரு தசை, அவ்வளவுதான். அப்போது அவருக்கு வயது 26.

அப்படியானால் காலன் கண்ட வித்தியாசங்கள் என்ன ஆயின? அதற்குப் பதில் சொல்ல நல்ல மைக்ராஸ்கோப் வர வேண்டியிருந்தது. 1840-ல் லண்டனில் பௌமன் என்ற இளைஞர் கை, கால் தசையின் அமைப்பை விவரமாக எழுதினார். அதன் நார்கள் நீண்ட உருளைகள். ஒவ்வொன்றிலும் பல உட்கருக்கள். குறுக்கே வரி வரியாகக் கோடுகள். இது வரித்தசை. கட்டளையிட்டால் சட்டென்று வேலை செய்யும். சீக்கிரம் களைத்தும் போகும். 1847-ல் ஸ்விட்சர்லாந்துக்காரரான கோலிக்கர் இரண்டாவது வகையைப் பிரித்துக் காட்டினார். இரைப்பை, குடல், இரத்தக் குழாய் இவற்றின் சுவர்களில் இருப்பது. இரு முனையும் கூர்மையான கதிர் போன்ற சிறு செல்கள், ஒன்றுக்கு ஒரே உட்கரு, வரிகள் கிடையா. இந்த வரியற்ற தசை மெதுவாகச் சுருங்கும். கொஞ்சம் சக்தியைக் கொண்டு நெடுநேரம் இறுக்கிப் பிடிக்கும். நாம் சாப்பிட்டதை மறந்து தூங்கினாலும் சோற்றை நகர்த்திக்கொண்டு போவது இதுதான்.

மூன்றாவது இதயத் தசை. வரித்தசையைப் போல இதற்கும் வரிகள் உண்டு; வரியற்ற தசையைப் போல இதுவும் நம் சொல்லுக்குக் கட்டுப்படாது. இதன் செல்கள் கிளை விட்டு ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன. ஒன்றுக்குக் கிடைத்த சேதி நொடியில் எல்லாவற்றுக்கும் பரவுவதால் அத்தனையும் சேர்ந்து துடிக்கின்றன. மூன்று வகையிலும் இழுக்கிற இழைகள் ஆக்டின், மயோசின் என்ற இரண்டுதான். வரித்தசையில் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால்தான் தசை சுருங்குகிறது என்று 1954-ல் கண்டார்கள். அந்த இழைகள் அணிவகுத்து நின்றால் வரி தெரியும், இல்லாவிட்டால் தெரியாது.

துடிக்கச் சொல்வது யார்? மூளை அல்ல. அது வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவே. துடிப்பு இதயத் தசையிலேயே பிறக்கிறது என்று 1880-களில் கேம்பிரிட்ஜில் காஸ்கல் ஆமையின் இதயத்தைக் கொண்டு காட்டினார். அது தொடங்கும் இடத்தை 1907-ல் கீத், பிளாக் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள்.

இனி, ஓய்வு. நிமிஷத்துக்கு எழுபது சொச்சம் துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு உள்ள நேரம் 0.8 விநாடி. கீழறைகள் சுருங்கியிருப்பது சுமார் 0.3 விநாடி, மீதி 0.5 விநாடி தளர்ந்திருக்கின்றன. ஒருமுறை சுருங்கிய இதயத் தசை, சற்றுத் தளர்ந்தாலொழிய அடுத்த தூண்டுதலுக்குச் செவி சாய்க்காது. வேலையைவிட ஓய்வு அதிகம்! காலன் காணாதது இதைத்தான்.

ஆனால் ஒரு குறை உண்டு. முந்தின வருஷம் அப்பா மாடிப்படியில் தவறிக் கெண்டைக்கால் சதை பிய்ந்தது. இரண்டு மாதத்தில் நடந்துவிட்டார். காரணம், வரித்தசையின் ஓரங்களில் பழுது பார்ப்பதற்கென்றே செல்கள் காத்திருக்கின்றன. இதயத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 25 வயதில்கூட வருஷத்துக்கு நூற்றில் ஒரு செல்தான் புதிதாகிறது, 75 வயதில் அதில் பாதியும் இல்லை என்று 2009-ல் ஸ்வீடனில் கணக்கிட்டார்கள். செத்த பகுதியில் தழும்புதான் மிஞ்சும். எஞ்சிய சதைதான் சுமையைத் தாங்க வேண்டும்.

வீடு திரும்பிய அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன், கடைசி விஷயத்தைத் தவிர. அவர் பள்ளிக்கூட வாத்தியார். பென்ஷன் வாங்கின பிறகும் டியூஷனை விடாதவர். பகலில் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை.

"துடிப்புக்குத் துடிப்பு ஓய்வு எடுத்துக்கொண்டதா? எழுபத்தாறு வருஷமாக எனக்குத் தெரியாமலேயா?" என்றார்.

"ஆமாம், அப்பா. அதனால்தான் இத்தனை நாள் உழைத்தது."

"டாக்டர் என்ன சொன்னார்? செத்த இடம் மறுபடி வளராது, அப்படித்தானே?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. "சாயங்காலம் பிள்ளைகள் வந்தால் அடுத்த மாதம் வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். மணி அப்போது பதினொன்று.