வோஜ் மலைக்கு வந்த அலாஸ்கா நாய்கள்

குளிர்காலத்தில் பிரான்சின் மலைப்பகுதிகளில் ஒரு விளையாட்டு உண்டு. வீட்டு நாய் முன்னால் ஓடும். அதன் மார்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனை எஜமானரின் இடுப்புப் பட்டையில் இருக்கும். அவர் பனிச்சறுக்குப் பலகைகளில் நின்று, இரண்டு கைக்கோல்களையும் ஊன்றித் தள்ளியபடி பின்னால் வருவார். இதற்கு 'ஸ்கி ஜோரிங்' என்று பெயர். நார்வே மொழியிலிருந்து வந்த சொல். 'ஜீ' என்றால் நாய் வலப்பக்கம் திரும்பும், 'யாப்' என்றால் இடப்பக்கம்.

நாயும் பனியும் மனிதனும் சேர்ந்த இந்தக் கூட்டுக்கு, அதே பிரான்சில், விளையாட்டல்லாத ஒரு பழைய கதை இருக்கிறது.

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. கிழக்கே வோஜ் மலையில் பிரெஞ்சு மலைப்படையினர் ஜெர்மானியரை எதிர்த்து நின்றார்கள். அவர்களில் பலர் பனிச்சறுக்குப் பழகியவர்கள். ஆள் மட்டும் போய்வர அது போதும். குண்டுகளையும் ரொட்டியையும் மேலே ஏற்றுவது எப்படி? காயம்பட்டவர்களைக் கீழே இறக்குவது எப்படி? முதல் குளிர்காலத்திலேயே குதிரைகளும் கோவேறு கழுதைகளும் பனியில் புதைந்து நின்றுவிட்டன.

கேப்டன் மூஃப்லே, லெப்டினன்ட் ஆஸ் என்ற இரு அதிகாரிகள் போருக்கு முன்பு அலாஸ்காவில் இருந்தவர்கள். சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களை அங்கே கண்ணால் பார்த்தவர்கள். அவற்றைக் கொண்டுவரலாம் என்று மேலிடத்துக்குச் சொன்னார்கள். அரசு அலுவலகத்தில் காலம் கழித்த எனக்கு உடனே தோன்றிய கேள்வி, நானூறு நாய்களை எந்தக் கணக்குத் தலைப்பில் வாங்கியிருப்பார்கள் என்பதுதான். ஆனாலும் அனுமதி கிடைத்தது. 1915-ல் இருவரும் ரகசியமாகப் புறப்பட்டார்கள்.

அலாஸ்காவின் நோம் நகரில் ஸ்காட்டி ஆலன் என்பவர் நாய் வண்டிப் பந்தயங்களில் பேர் பெற்றவர். அவர் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். மற்றவை கனடாவில் வாங்கப்பட்டன. எல்லாம் கியூபெக்கில் ஒன்றுசேர்ந்து, நீர்மூழ்கிக் கப்பல்கள் உலவிய அட்லாண்டிக் கடலைத் தாண்டி லெ ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கின. கூடவே வந்த ஆலன், நாய்களை ஓட்டும் விதத்தை மலைப்படையினருக்குக் கற்றுக்கொடுத்தார்.

குதிரை ஏற முடியாத சரிவுகளில் நாய்கள் ஏறின. மேலே போகும்போது வெடிமருந்து, இறங்கும்போது காயம்பட்டவர்கள். பனி கரைந்த மாதங்களில் சிறு தண்டவாளங்களில் தள்ளுவண்டிகளை இழுத்தன. பல நாய்கள் அங்கேயே மடிந்தன. பிழைத்தவற்றில் சில, போர் முடிந்த பின் பிரெஞ்சுக் குடும்பங்களில் வளர்ப்பு நாய்களாகத் தங்கிவிட்டன.

பிரெஞ்சுப் பள்ளியில் வெர்தன் போரின் தேதிகளை நாங்கள் மனப்பாடமாக ஒப்பித்தோம். இந்த நாய்களைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

இன்று அதே மலைகளில் கயிற்றின் ஒரு முனையில் நாயும் மறுமுனையில் எஜமானரும் ஓடுகிறார்கள். நாய் களைத்து நின்றால் மனிதரும் நிற்கிறார்; தண்ணீர் கொடுக்கிறார்; வேண்டுமானால் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். 1915-ல் வந்த நாய்களுக்கு அப்படி நிற்கும் உரிமை இருக்கவில்லை. அவற்றை யாரும் கேட்டுக் கூட்டி வரவும் இல்லை.